ஆய்வுக்கு வந்த நல்ல மீன்

எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல். ஆய்வகக்காரி அந்தத் தாளை நாலாவது தடவையாகப் படித்தாள். பூச்சிமருந்து எச்சம் இல்லை. நாலு மீனிலும் இல்லை.

எப்படி இல்லாமல் போகும்? அவள் தம்பியின் மீன்குளத்துக்கு மேற்பக்கம் ஒரு காய்கறிப் பண்ணை. அங்கே மருந்தடித்தால் மறுநாள் இங்கே மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். இந்த வருஷம் மட்டும் அஞ்சு தடவை. நீர்வள அலுவலகத்துக்கு மனு கொடுத்துக் கொடுத்துச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஆதாரம் கொண்டுவா என்று ஒரே பாட்டு. வெள்ளிக்கிழமை விசாரணை. அன்றைக்கும் வெறுங்கையோடு போனால் கோப்பை மூடிவிடுவார்கள். பண்ணைக்காரன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பான், தம்பி குளத்தைத் தூர்த்துவிட்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான்.

குளத்துத் தண்ணீரைச் சோதித்துப் பிரயோசனமில்லை, ரெண்டு நாளில் தெளிந்துவிடும். மருந்து போய் உட்காருவது மீனின் ஈரலிலும் கொழுப்பிலும். அதனால்தான் மேலாளரின் கையைக் காலைப் பிடித்துக் சோதனைக் கருவியில் அரைநாள் வாங்கினாள். போன வாரம் மீன் மிதந்த அன்றே தம்பியும் ஐஸ்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். சொந்தக்காரன் மீனில் இவள் கை வைக்கக் கூடாது என்பது விதி. வெட்டியது, அரைத்தது எல்லாம் உதவியாளர்தான்.

உறைபெட்டியைத் திறந்து மிச்சத்தை எடுத்துப் பார்த்தாள். ஒரு செதில் இல்லை. செவுள் இல்லை, குடல் இல்லை, ஈரல் இல்லை. கல்யாணப் பந்திக்குப் போகிற மாதிரி பளபளவென்று வழித்துக் கழுவிய மீன். வரும்போதே இப்படித்தான் வந்தது, வேலை மிச்சம் என்று உதவியாளர் வேறு சந்தோஷப்பட்டார்.

தம்பிக்குப் போன் போட்டாள். அவன் குரலில் அத்தனை பெருமை. அக்கா வேலை பார்க்கிற இடத்துக்குப் போகிற மீனாச்சே, நாலு பேர் பார்ப்பார்களே என்று, விற்பனை மீனுக்கென்று வைத்திருக்கிற ஆழ்குழாய்த் தண்ணீர்த் தொட்டியிலிருந்து துள்ளுகிறதாகப் பார்த்துப் பிடித்தானாம். மூணு தண்ணியில் அலசினானாம்.

"கூமுட்டை, கூமுட்டை" என்று தலையில் அடித்துக்கொண்டாள். யாரைச் சொல்லி என்ன? மிதந்த மீனைத்தான் கொண்டுவர வேண்டும் என்று இவளும் வாய் திறந்து சொல்லவில்லை. இதுகூடவா தெரியாது என்று விட்டுவிட்டாள். பத்து வருஷமாக வாடிக்கைக்காரர்களுக்கு நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்த கை அவனுடையது. செத்ததைத் தூக்கி நீட்டச் சொன்னால் அதற்கு எங்கே வரும்?

இன்னும் ரெண்டு நாள் இருக்கிறது. ஒரே ஒரு ஈரல் கிடைத்தால் போதும், மேலாளரிடம் இன்னொரு தடவை கெஞ்சிக்கொள்ளலாம்.

"போன வாரம் மிதந்ததெல்லாம் எங்கடா? புதைச்சிருந்தாலும் பரவாயில்ல, தோண்டி எடு."

"புதைக்கிறதா? கண்ணு முன்னாடி செத்த மீன்க்கா அது. ஊருக்கு விக்கத்தான் மனசு வரல. பாவமில்லையா?"

"அப்ப என்னதான் பண்ணின?"

"எப்பவும் போல வீட்டுலதான் வறுத்தோம். மருந்து தண்ணியிலதானே இருக்கு, நல்லா அலசிட்டா போயிடும்."

எப்பவும் போல என்றால் அஞ்சு தடவையும்.

"ஈரலையாவது தூரப் போட்டியாடா?"

தம்பி சிரித்தான். "அதைப் போட விடுவாளா சின்னவ? ஈரல்னா அவளுக்கு உசிரு. தட்டைத் தூக்கிட்டு மொத ஆளா வந்து உக்காந்துருவா."

சின்னவளுக்கு மூணு வயசு. வெள்ளிக்கிழமையாவது, விசாரணையாவது.

"புள்ளையத் தூக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்கு வா" என்றாள். ஏன்க்கா, ஏன்க்கா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.