நடுநிலை நங்கையின் விமர்சனம்

அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் ஆட்டச்சிற்பி. வேறு யாரும் வைக்க முன்வராததால் அவரே வைத்துக்கொண்டார். தனியாளாக வீடியோ கேம் செய்கிறவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் சேரும்போது பெயர் கேட்டது. கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டுமே என்று அப்படித் தட்டிவிட்டார். அதைப் பார்த்த மனைவி, "உளி எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் நீச்சல் பயிற்சியாளர். யாரையும் ஒரே வாக்கியத்தில் தண்ணீருக்குள் தள்ளிவிடும் பழக்கம் அவளுக்கு உண்டு.

சிற்பியின் பிழைப்பு பல் செட் செய்வது. பல் மருத்துவமனைக்கு அடியில், சன்னல் இல்லாத அறை. மேலே மருத்துவர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். கீழே இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வளைத்து, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துவார். நாள் முழுக்க யார் யாருடைய வாய்களோ மேசைமேல் திறந்தபடி கிடக்கும். ஒன்றாவது வாய் திறந்து பேசுமா என்றால் பேசாது. பேச்சுத் துணைக்கு ஆளில்லாதவன் கதை கட்டத் தொடங்குவான். இவர் கேம் கட்டத் தொடங்கினார்.

கேமின் பெயர் 'கோணல் வண்டி'. பெரிய கடைகளில் சாமான் எடுத்துப்போடும் தள்ளுவண்டிதான் கதாநாயகன். யாரோ அதைத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய் அனாதையாக விட்டுவிட்டார்கள். அது கடைக்குத் திரும்ப வேண்டும். முன்சக்கரம் ஒன்று கோணல், ஆகவே எப்போதும் இடதுபக்கமே இழுக்கும். அந்த இழுப்போடு மல்லுக்கட்டி, பிறகு அதையே துணையாக்கிக்கொண்டு வீடு சேர வேண்டும். மூன்று வருடம் வேலை முடிந்து வந்த மாலைகளை எல்லாம் அந்த வண்டி தின்றது. உலகம் இதை ஆடிவிட்டுக் கண் கலங்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

முதலில் மனைவி ஆடினாள்.

"இடதுபக்கமே இழுக்குதே, ரிப்பேரா?"

"அதுதான் கேமே."

"அப்போ சரி" என்று எழுந்து போய்த் துணி காயப்போட்டாள்.

அடுத்தது மச்சான். "மாமா, துப்பாக்கி எப்போ வரும்?" என்று கேட்டான். வராது என்றதும் அவனுக்கு அவசர வேலை வந்துவிட்டது.

கேமை வெளியிட்ட வாரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் அதை இறக்கி ஆடியதாகக் கணக்குக் காட்டியது. சிற்பி ஆகாயத்தில் பறந்தார். பல் செட் லேபில் இருக்கும் கம்ப்யூட்டரில் தான் ஒருதடவை திறந்து பார்த்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அந்த முன்பின் தெரியாதவர் அவரேதான்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குழுவில் சேர்ந்தார். குழுவின் பெயர் 'தனிக்கட்டை'. புதிதாக எந்த கேம் வருகிறது, எது நன்றாக இருக்கிறது, எதைச் செய்தவர் பாதியில் விட்டுவிட்டார் என்று செய்தி பகிர்ந்துகொள்ளும் இடம். அதன் அட்மின் ஓர் அம்மாள். எல்லை மீறும் பதிவுகளைப் பட்டென்று பூட்டிவிடுவதால் அவருக்குத் தாழ்ப்பாள் என்று பெயர். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: 'முதலில் அடுத்தவர் கேமைப் பற்றிப் பேசு, பிறகு உன்னுடையதைப் பற்றிப் பேசு.'

சிற்பிக்குப் பிற்பாதி மட்டும் கண்ணில் பட்டது. யாராவது பந்தய கேம் பற்றிப் பேசினால், "சக்கரம் என்றதும் நினைவுக்கு வருகிறது" என்று நுழைந்தார். மழை பற்றிப் பேசினால், "கோணல் வண்டியிலும் மழை உண்டு" என்றார். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. ஒருநாள், பலருக்கும் பிடித்த சின்ன கம்பெனி ஒன்று மூடப்பட்டு, அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற செய்தி வந்தது. குழுவே துக்க வீடானது. அதன் அடியில் சிற்பி எழுதினார்: "ஆழ்ந்த வருத்தம். இப்போது நேரம் இருப்பவர்கள் கோணல் வண்டியை ஆடிப் பார்க்கலாம்."

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார். சத்தியமாக.

தாழ்ப்பாளிடமிருந்து செய்தி வந்தது. "எழவு வீட்டுல கடை விரிச்ச முதல் ஆள் நீங்கதான். நான் சொல்ற வரைக்கும் வண்டிங்கிற வார்த்தை உங்க வாயிலேர்ந்து வரக்கூடாது. இருக்க இஷ்டம்னா அடுத்தவங்க கேமைப் பத்தி எழுதுங்க."

அன்று முழுக்க அவர் மெழுகில் வளைத்த ஈறுகள் எல்லாம் கோணலாகவே வந்தன.

வேறு வழியில்லாமல் எழுதத் தொடங்கினார். ஆரம்பத்தில் வேப்பங்காயைக் கடித்ததுபோல இருந்தது. யாருடைய குழந்தைக்கோ தாலாட்டுப் பாடச் சொன்ன மாதிரி. ஆனால் பல் செட் செய்கிறவருக்கு ஒரு குணம் உண்டு. எங்கே இடிக்கிறது, எங்கே உரசுகிறது என்று பார்க்காமல் கையை எடுக்க மாட்டார். அதே கண்ணோடு கேம்களைப் பார்த்தார். எங்கே கொட்டாவி வந்தது, எங்கே கோபம் வந்தது, எங்கே நேரம் போனதே தெரியவில்லை என்று உள்ளது உள்ளபடி எழுதினார். படிக்கிறவர்களுக்கு அது பிடித்துப்போனது. "சிற்பி என்ன சொல்றார்?" என்று கேட்டுவிட்டு கேமை இறக்குகிற ஆட்கள்கூட வந்தார்கள்.

இப்படி இருக்கையில் பஸ் டிரைவர் ஒருவர் செய்த கேம் கைக்கு வந்தது. துணி அலமாரிக்குள் மாட்டிக்கொண்ட அந்துப்பூச்சி, கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே வழி தேடுகிறது. அவ்வளவுதான். சிற்பி அதை ஆடினார், சிரித்தார், கடைசியில் ஒரு குழந்தைச் சட்டையைப் பூச்சி தின்னாமல் விட்டுப் போகும் இடத்தை இரண்டு தடவை திரும்ப ஆடினார். அப்படியே எழுதினார். அந்தப் பதிவு காட்டுத்தீயாகப் பரவியது. அந்துப்பூச்சியை ஊர் உலகமே ஆடியது. டிரைவர் நெகிழ்ந்துபோய், "அண்ணே, நீங்க எழுதலைன்னா இதை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க" என்று எழுதினார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை தம்பி, உங்க திறமை" என்று பதில் போட்டார் சிற்பி. போட்டுவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். வயிறு பற்றி எரிந்தது. அந்தப் பூச்சிக்கு நாலு சட்டை, ஒரு அலமாரி. தன் வண்டிக்கு ஒரு தெருவே இருக்கிறது! தான் தூக்கிவிட்ட பூச்சி பறக்கிறது, தான் பெற்ற வண்டி தெருக்கோடியில் கிடக்கிறது.

அந்த எரிச்சலில்தான் நடுநிலை நங்கை பிறந்தாள்.

புதிய பெயர், புதிய கணக்கு, முகத்துக்குப் பதிலாக ஒரு தராசுப் படம். நங்கை குழுவில் எழுதினாள்: "எனக்கு இதைச் செய்தவரை யாரென்றே தெரியாது. தற்செயலாகக் கோணல் வண்டியை ஆட நேர்ந்தது. என்ன ஆழம்! என்ன அழகு!" அதை அனுப்பிவிட்டு, நங்கையின் எழுத்து நன்றாக இருக்கிறது என்று ஆட்டச்சிற்பியின் கணக்கிலிருந்து ஒரு லைக்கும் போட்டார். பொய்ப்பல் செய்து பழகிய கைக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரம். ஒரு கையில் உறை, அதன்மேல் பிளாஸ்டர். மறுகையில் போன். நங்கையின் பதிவுக்கு ஒரே ஒரு பதில் வந்திருந்தது. "ஆடினேன். இடதுபக்கமே இழுக்குது. செஞ்சவருக்குச் சக்கரம் வரையத் தெரியலை போல."

சிற்பிக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. கட்டைவிரல் தானாக ஓடியது. "சக்கரம் வரையத் தெரியாமலா மூணு வருஷம் உக்காந்தேன்? அது வேணும்னே வெச்ச கோணல். என் கேமே அதுதான்!"

அனுப்பிய கையோடு மேலேயிருந்து மருத்துவர் கூப்பிட்டார். ஒரு பெரியவருக்குச் செட் கடிக்கும்போது இடிக்கிறதாம். சிற்பி மேலே போய், பெரியவரை வாயைத் திறக்கச் சொல்லி, மூடச் சொல்லி, அராவிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். போன் மேசைமேல் துடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பார்த்தார். பதில் போயிருந்தது நங்கையின் பெயரில்.

"நங்கையே, வண்டி உங்களோடதா? சொல்லவே இல்லையே!" என்று ஒருவர். "யாரென்றே தெரியாதுன்னீங்க, கண்ணாடி பார்க்கிற வழக்கம் இல்லையா?" என்று இன்னொருவர். எல்லாவற்றுக்கும் மேலே, அதிக லைக் வாங்கிய பதில்: "நடுநிலையும் இடதுபக்கம் இழுக்குதே!"

மேசைமேல் வரிசையாகக் கிடந்த வாய்கள் எல்லாம் அன்றைக்குத்தான் முதல்தடவையாகச் சிரித்தன. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

மாலையில் மனைவி நீச்சல் குளத்திலிருந்து ஈரத் தலையோடு வந்தாள். மறைத்துப் பயனில்லை என்று எல்லாவற்றையும் சொன்னார்.

"வேற பேர்ல நீங்களே உங்களைப் புகழ்ந்துக்கிட்டீங்களா?"

"ம்."

"பொம்பளைப் பேர்லயா?"

"ம்."

அவள் துண்டால் தலையைத் துவட்டித் துண்டைக் கொடியில் போட்டாள். "சரி, அந்தப் பொம்பளையாவது கேமை முழுசா ஆடினாளா?"

 வெளியிட்ட நாளிலிருந்து அவரே அதை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறைகூட ஆடவில்லை.

குழுவை விட்டு ஓடிவிடலாம் என்று முடிவு செய்து போனைத் திறந்தபோது தாழ்ப்பாளின் தீர்ப்பு வந்து காத்திருந்தது, எல்லாரும் பார்க்கும்படியாக. "நங்கையை வெளியே அனுப்பப் போறதில்லை. ஆனா பேருக்கு ஏத்த மாதிரி நடந்துக்கணும். கோணல் வண்டியை முழுசா ஆடிட்டு, சிற்பி ஊரார் கேமுக்கு எப்படி எழுதுவாரோ அப்படி எழுதணும். வழவழான்னு எழுதினா ரெண்டு பேருக்குமே கதவைச் சாத்திடுவேன்."

சனிக்கிழமை காலை சிற்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இது பஸ் டிரைவர் செய்தது, லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் செய்தது, யாரோ செய்தது என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு தொடங்கினார்.

முதலில் வண்டியின் இளமைப் பருவம். திரை நிறைய எழுத்து. வண்டி வார்க்கப்பட்ட இரும்பின் பெருமை, அது முதன்முதலில் சுமந்த சாமான். பக்கம் புரளப் புரள வந்துகொண்டே இருந்தது. எழுதும்போது கண்ணில் நீர் முட்டிய வரிகள். இப்போது கொட்டாவி முட்டியது. அது முடிந்ததும் ஒரு நீளமான தெரு. அடுத்து அதேபோல இன்னொரு தெரு. இரண்டாவது தெருவில் அவர் தன்னை அறியாமலே கேமை மூடிவிட்டார்.

மூடியதும் திடுக்கிட்டார். அடுத்தவன் கேமாக இருந்திருந்தால் இந்த இடத்தில் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பேனே!

தண்டனை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திறந்தார். மூன்றாவது தெருவைத் தாண்டியதும் சரிவு வந்தது. மழை. தேங்கிய நீரில் கடைகளின் வெளிச்சம் நீள நீளமாகக் கிடந்தது. சரிவின் அடியில் இடதுபக்கம் கொண்டை ஊசி வளைவு. நல்ல சக்கரம் உள்ள எந்த வண்டியும் அதில் திரும்ப முடியாது. கோணல் வண்டி தண்ணீரைச் சீவிக்கொண்டு, அவர் கையைக்கூட அசைக்காதபோதே, தானாகத் திரும்பியது. அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். இப்படி ஒன்று செய்திருக்கிறோம் என்பதே மறந்துபோயிருந்தது.

அன்றே நங்கை எழுதினாள்.

"இந்த கேமின் முதல் பாதியைச் செய்தவருக்குத் தன் குரல்மேல் தீராத காதல். வண்டிக்கு எதற்கு இளமைப் பருவம்? அதற்குப் பெண்ணா கொடுக்கப் போகிறோம்? இரண்டாவது தெருவில் நான் எழுந்து போய்விட்டேன். நீங்களும் போவீர்கள், அது உங்கள் தப்பல்ல. ஆனால் எப்படியாவது மழைவரை வந்துவிடுங்கள். அந்தச் சரிவு நன்றாக இருக்கிறது. அதைச் செய்தவர் அதற்கு முன்னால் இத்தனை குப்பையைக் கொட்டி வைத்தது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்?"

அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். சிரிக்க வந்தவர்கள் மழை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனார்கள். "குப்பையை எப்போ அள்ளுவீங்க?" என்று கேட்டார்கள். சிற்பி அள்ளினார். இளமைப் பருவத்தை மொத்தமாக வெட்ட ஒரு வாரம் பிடித்தது. இரண்டு தெருக்களை வெட்ட ஐந்து நிமிடம். வெட்டி முடித்த மறுநாள் தாழ்ப்பாள் தானே ஒரு வரிச் செய்தி போட்டார்: "கோணல் வண்டி மெலிந்து வந்திருக்கிறது, ஏறிப் பாருங்கள்."

மெலிந்த வண்டியை ஆடிப் பார்க்க ஒரு ஞாயிறு பிற்பகலில் இணையத்தில் கூடினார்கள். கிரேன் ஓட்டும் பெண் ஒருத்தி ஆடுவாள், மற்றவர்கள் வீட்டிலிருந்தபடியே பார்ப்பார்கள். செய்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது தாழ்ப்பாளின் நிபந்தனை. தெரியாத ஒருத்தி தன் வண்டியை ஓட்டுவதைச் சிற்பி முதல்தடவையாகப் பார்த்தார். அவள் சுவரில் முட்டினால் இவர் நாற்காலியில் வலதுபக்கம் சாய்ந்தார். சரிவை ஒரே மூச்சில் இறங்கியபோது அவள் "ஏய்!" என்று கத்தினாள். அந்தக் கத்தல் அவருக்கு ஒரு வாரத்துக்குப் போதும்.

பிறகு கடைசிக் காட்சி. உலகம் கண் கலங்க வேண்டிய இடம். வண்டி கடை வாசலை அடைகிறது. கடை பூட்டியிருக்கிறது. மற்ற வண்டிகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று செருகிச் சங்கிலியில் கட்டிக் கிடக்கின்றன. இதற்கு இடமில்லை. பிடிக்க ஆளில்லாத வண்டி வாசலில் மெதுவாக இடதுபக்கம் திரும்பி, திரும்பி, தன்னைத் தானே சுற்றிக்கொண்டிருக்கிறது.

கிரேன்காரி சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, பிறகு மேசையைத் தட்டி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். "இவ்வளவு கஷ்டப்பட்டு வந்துட்டு, நாய் வாலைத் துரத்துற மாதிரி சுத்துதே!"

சிற்பிக்கு முகம் சுருங்கியது. இந்தக் காட்சிக்காக மட்டும் ஒரு பனிக்காலம் முழுக்க உழைத்தவர். கோபத்தோடு திரையைப் பார்த்தார். வண்டி சுற்றியது. இன்னொரு சுற்று. மிகுந்த கௌரவத்தோடு இன்னொரு சுற்று. அவருடைய உதட்டோரம் இழுத்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அடுத்த அறையிலிருந்து மனைவி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

"சிற்பி சார், இப்போ பேசலாம்" என்றார் தாழ்ப்பாள். "இந்த முடிவை எப்படி யோசிச்சீங்க? இப்படிச் சிரிக்க வெச்சிட்டீங்களே."

எல்லாரும் காத்திருந்தார்கள். சிரிக்கத்தான் வைத்தேன் என்று சொல்லிவிட்டால் போதும், மேதை என்று ஒப்புக்கொள்வார்கள். சொல் நாக்குநுனி வரை வந்தது. அறை வாசலில் நின்ற மனைவி புருவத்தை உயர்த்தினாள்.

"அழ வைக்கணும்னுதாங்க செஞ்சேன்" என்றார்.

அதற்கு அவர்கள் வண்டிக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள். அவர் குறுக்கே பேசவில்லை. சத்தம் அடங்கியதும் கிரேன்காரி, அந்தச் சரிவை இன்னொரு தடவை இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.