டாக்டரின் வகிடு

எங்கள் சலூனில் நாற்காலி இரண்டு. முதல் நாற்காலி அண்ணனுடையது. வருஷக்கணக்கில் அவர் நின்று வெட்டிய இடம், இப்போது காலி. அதில் உட்கார வந்தவர்களையெல்லாம் நான்தான் விரட்டினேன். "அது எங்க அண்ணன் வந்து வெட்டப்போற நாற்காலி. எழுந்திரிங்க!" எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று அண்ணி சொல்வார். வரட்டுமே!

அண்ணனுக்குப் பார்க்கின்சன் நோய். இடது கையில் லேசான நடுக்கம். கத்தரி பிடிக்கும் வலது கையில் படுமோசம். மாத்திரையில் நடை சரியானது, விறைப்பு குறைந்தது, கை மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஒலி அலைகளைத் தலைக்குள் ஒரே புள்ளியில் குவித்து, அந்த இடத்தைச் சுட்டு நடுக்கத்தை நிறுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், சலூனே மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. முகமெல்லாம் நுரையோடு லாரிக்காரர், "ரெண்டு பக்கமும் ஒரேயடியா முடிச்சிடுங்க" என்றார். மூளையில் ஒயர் வைப்பதுதான் மேல் என்றார் பேங்க் மேனேஜர்.

"சார், கழுத்துல கத்தி இருக்கு. பேசாதீங்க" என்றேன்.

டாக்டர் பொறுமைசாலி. எங்கள் மூவரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"ஒயர் வைக்கணும்னா மண்டையில துளை போடணும், நெஞ்சுல பேட்டரி வைக்கணும். ஆனா வேணும்போது கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். ஒலி அலையில கீறலே கிடையாது. ஆனா சுட்டது சுட்டதுதான். அதுலயும் எங்க சுடறோம்னு இருக்கு. ஒரு இடம் நடுக்கத்துக்கு. இன்னொரு இடம் விறைப்புக்கும், மாத்திரையால உடம்பு தானா நெளியறதுக்கும். உங்களுக்கு முதல் இடம்தான் சரின்னு தோணுது. எதைச் செஞ்சாலும் நோய் போயிடாது, மாத்திரை தொடரணும்."

"ரெண்டு கைக்கும் செய்வீங்களா?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"இப்ப ஒரு கைக்குத்தான், கத்தரி பிடிக்கிற வலது கைக்கு. சில மாசம் கழிச்சு அடுத்ததை யோசிக்கலாம். ஆனா ரெண்டாவது பக்கமும் செஞ்சா பேச்சு குழற வாய்ப்பு கூடும்."

அண்ணன் சிரித்தார். "அப்ப ஒண்ணு போதும் டாக்டர். என்கிட்ட வர்றவன்ல பாதிப் பேர் முடி வெட்டவா வர்றான்? பேச்சு கேக்க வர்றான்!"

படி இறங்கும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அப்ப சீப்பு பிடிக்கிற கை ஆடிக்கிட்டே கிடக்கட்டுமா?"

"லேசாத்தானே ஆடுது, சமாளிச்சுக்கலாம். அதை விடு. அந்த டாக்டரோட வகிட்டைப் பாத்தியாடா? பாம்பு போன தடம் மாதிரி! எவன்டா அவருக்கு முடி வெட்டறான்?"

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரைப் பார்த்தாலும் எங்களுக்கு முதலில் கண்ணில் படுவது தலைதான்.

சிகிச்சை நாளன்று தலையை முழுக்க மழிக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஆளை அண்ணன் கிட்டேயே சேர்க்கவில்லை. நான்தான் மழித்தேன்.

"அழுத்தாதே. காதுகிட்ட கத்தியைச் சாய்ச்சுப் பிடி. எவன்டா உனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான்!"

வேலை முடிந்து அந்த மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தேன். அண்ணன் என் சட்டைப்பையில் இருந்த பிளாஸ்டிக் சீப்பை உருவிக்கொண்டார்.

"மொட்டைத் தலைக்குச் சீப்பு எதுக்கு?"

"சும்மா இரு. உள்ள காந்த மெஷினாம், இரும்பு ஆகாது. பிளாஸ்டிக்னா விடுவாங்களாம், கேட்டுட்டேன்."

வெளியே அண்ணியும் நானும் காத்திருந்தோம். அண்ணி அமைதியாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் கூண்டுப்புலியாக நடந்தேன். சுட்டது சுட்டதுதான் என்று டாக்டர் சொன்னதே மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கத்தரி பிடிக்க முடியாமல் போனால் அண்ணன் என்ன ஆவார்? பேச்சும் குழறினால்?

நடுவில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். "முழிச்சுதான் இருக்கார். ஒவ்வொரு தடவை சூடு கொடுத்ததும் மெஷினை விட்டு வெளிய இழுத்து, கை ஆடுதான்னு பாக்க சுருள் கோடு போடச் சொல்றோம். கோடு நல்லா வருதுன்னு டாக்டர் சொல்றார், இவர் ஒத்துக்க மாட்டேங்கறார். 'பேனா பிடிச்சு நான் என்ன செய்யப் போறேன்?'ங்கறார்."



கடைசியில் கதவு திறந்தது. டாக்டர் வந்தார். முகக்கவசத்தில் பாதி முகம் மறைந்திருந்தது, கண்ணில் களைப்பு மட்டும் தெரிந்தது. என் பார்வை வழக்கம்போல் தலைக்குப் போனது.

நெற்றியிலிருந்து உச்சிவரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரு வகிடு! ஒரு முடிகூடப் பக்கம் மாறாமல் இரண்டாகப் பிரிந்து படிந்திருந்தது.

"அண்ணி! வகிட்டைப் பாருங்க அண்ணி!" என்று கத்திவிட்டேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் அழுதேன். அண்ணி கையிலிருந்த ஆரஞ்சு உருண்டு ஓடியது.

டாக்டர் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "அவரோட வலது கைக்கு எட்டற மாதிரி குனிஞ்சு நின்னு நின்னு கழுத்தே போச்சு. பேச்சுல ஒரு குழறலும் இல்ல. எனக்கு முடி வெட்டறவனை மாத்தச் சொல்லி, இன்னும் திட்டிக்கிட்டுதான் இருக்கார்."