சத்தமாக விட்ட மூச்சு

அன்று காலை அது நாற்பத்திரண்டாவது முதுகு. முதுகுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இரண்டு வாரமாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். டாக்டர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். அதற்குள் முகத்தைப் பார்க்காமலே வைத்தியம் பார்க்கும் அளவுக்குத் தேறியிருந்தார்.

"மூச்ச நல்லா இழுத்து விடுங்க."

கண்டக்டர் விட்டார், லாரி டயரில் காற்று இறங்குகிற மாதிரி. டாக்டர் முதுகில் நாலு இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, நாலு முறை தலையாட்டி, சீட்டில் 'நெஞ்சில் கோளாறு இல்லை' என்று எழுதினார். கீழே கோழி கிளறியது போல ஒரு கையெழுத்து. சத்து மாத்திரை.

கண்டக்டர் வெளியே போனதும் நர்ஸ் கேட்டார்: "டாக்டர், அது காதுல மாட்டாமலே கேக்குமா?"

டாக்டரின் கை கழுத்துக்குப் போனது. காதில் இருக்க வேண்டிய இரண்டு முனையும் சட்டைக் காலரில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

நர்ஸைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்படியே விட்டுவிடலாம். அந்த யோசனை வந்தது என்பதே அவருக்குக் கூசியது. வெளியே ஓடினார்.

கண்டக்டர் மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தார்.

"ஐயா, இன்னொரு தடவ பாக்கணும். முதல்ல சரியாக் கேக்கல."

"தெரியும் தம்பி. கை கழுவுற எடத்துக் கண்ணாடில பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமே?"

"காலைலேருந்து ஒக்காரவே இல்ல நீங்க. எதுக்குச் சங்கடப்படுத்தணும்? அதான் கொஞ்சம் சத்தமா விட்டேன், எப்படியும் கேக்கட்டும்னு."

வரிசை சிரித்தது. டாக்டருக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அறைக்கு வந்து இம்முறை காதில் மாட்டினார். வலது பக்கம் மூச்சு போய்வந்தது. இடது பக்கம், கீழே, ஒன்றுமில்லை. விரலால் தட்டினால் சுவரைத் தட்டினாற்போல் இருந்தது.

"நல்லாருக்கா தம்பி?"

"இல்லீங்க. நுரையீரலச் சுத்தி நீர் கோத்திருக்கு. இப்பவே எக்ஸ்ரே எடுத்து அட்மிட் பண்ணணும். அப்ப நான் பாக்கவே இல்லீங்க. பாத்த மாதிரி நடிச்சேன்."

கண்டக்டர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி சீட்டை எட்டிப் பார்த்தார். "அப்ப எழுதினத நல்லா அழிச்சிடுங்க. பெரிய டாக்டர் பாத்தா ஏசுவாரு."

"அழிக்கக் கூடாதுங்க. தப்பா எழுதினதும் படிக்கத் தெரியணும்; மேல ஒரே கோடுதான் போடணும்."

கோடு போட்டார். பக்கத்தில் தன் முழுப் பெயரையும், யாரும் படிக்கும்படி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.