தலை நிற்காத பொம்மைகள்

பன்னிரண்டு மணிக்குள் என் மேசை காலியாகிவிட்டது. அயனம்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் மாதம் ஒரு ஞாயிறு கைவினைச் சந்தை நடக்கும். அதில் நான் கடை போட்டது அதுதான் முதல் முறை. ஒரு டஜன் துணிப் பொம்மைகள் வைத்திருந்தேன். பழைய புடவையில் பாவாடை, கறுப்பு நூலில் இரட்டைப் பின்னல், கண்ணும் மூக்கும் வாயும் நானே தைத்தவை. பக்கத்தில் மெழுகுவர்த்தி விற்றவர் மாலை வரை ஈ ஓட்டினார். என் மேசைக்கோ வந்தவர்கள் எல்லாம் நேராக வந்தார்கள், ஒன்று, இரண்டு, நாலு என்று எடுத்துக்கொண்டார்கள், பேரம் பேசாமல் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேரம் பேசாமல் ஒருவர் வாங்கினாலே சந்தேகப்பட வேண்டிய ஊர் இது. அதிலும் சந்தேகப்படுவதற்காகவே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை என்று நாள் முழுக்கத் தேடுகிறவள் நான். ஆனால் காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே. பத்து நாள் கழித்து ராஜினாமா மெயில் அனுப்பிவிட்டேன். இனி முழுநேரமும் பொம்மைதான்.

மெயில் அனுப்பியபோது என் கணவர் ஸ்ரீராம் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நசரத்பேட்டையில் ஒரு கிடங்கு நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவர், எதையும் இரண்டு முறை கூட்டிப் பார்க்கிற ஆள். சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவர் "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போனார். வீட்டில் பால் இருந்தது. மேனேஜர் மட்டும், "நோட்டீஸ் முடியறதுக்கு முன்னாடி மனசு மாறினா சொல்லுங்க. அதுக்கப்புறம் என் கையில இல்ல" என்றார். மாறுமாவது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இந்தத் தைரியத்தைக் கொடுத்தது 'பத்து விரல்' என்ற வாட்ஸப் குழு. நான் ஆரம்பித்ததுதான். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கைவேலை செய்கிறவர்கள் அதில் இருக்கிறோம். குழுவுக்கு ஒரே விதி, அதையும் நான்தான் போட்டேன்: யாரும் யார் வேலையிலும் குறை சொல்லக் கூடாது. அலுவலகத்தில் நாள் முழுக்கக் குறை பார்த்துவிட்டு வருகிறேன், இங்கேயாவது வேண்டாமே என்று. அதனால் யார் எதைப் படம் பிடித்துப் போட்டாலும் இதயங்கள் பறக்கும். 'அழகு', 'சூப்பர்', 'எனக்கு ஒண்ணு.' வேலைவிட்டுக் களைத்து வந்து அவற்றைப் பார்த்தால் காபி குடித்த மாதிரி இருக்கும். அந்தச் சுகத்தை நான் இப்போதும் கேலி செய்ய மாட்டேன்.

நோட்டீஸ் முடிய ஒரு வாரம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை காலை, பொம்மை முடிக்கு மிச்ச நூல் வாங்க ஆக்னஸ் அக்கா வீட்டுக்குப் போனேன். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருக்கிறவர். குரோஷா ஊசியால் நூல் பைகள் பின்னுவார். "உள்ள வா திவ்யா, டீ போடறேன்" என்று அடுக்களைக்குள் போனார். ஷோகேஸில் கண்ணாடிக்குப் பின்னால் என் பொம்மைகள் மூன்று உட்கார்ந்திருந்தன. மூன்றுக்கும் தலை மார்பில் கவிழ்ந்திருந்தது. ஒன்றின் கழுத்தில் மட்டும் ஐஸ் குச்சி வைத்து ரப்பர் பேண்டு போட்டு நிமிர்த்தப் பார்த்திருந்தார்கள். அது கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா டீயோடு வந்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது என் பொம்மைதானே அக்கா?"

"ஆமா."

"நீங்க எங்கிட்ட வாங்கலையே."

"என் கொழுந்தனாரை அனுப்பினேன் திவ்யா. முதல் கடையாச்சே, போணி ஆகணுமேன்னு. நானே வந்து வாங்கினா நீ காசு வாங்க மாட்ட."

மூன்று போனால் என்ன, ஒன்பது இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஷோகேஸைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். 'வேறு யார் வீட்டில் என் பொம்மை இருக்கிறது? உண்மையைச் சொல்லவும்.' உடனே குழுவில் இருக்கும் கிருபாகரன் ஏதோ எழுதி அழித்தான். பிறகு சரசா அக்கா எழுதி அழித்தார். பிறகு கிருபாகரன் மறுபடியும் எழுதி அழித்தான். குட்டு வெளிப்பட்டுவிட்டது.

மதியம் நால்வரும் கோவில்பதாகையில் சரசா அக்கா வீட்டில் கூடினோம். அவர் ஒயர் கூடை பின்னுகிறவர், அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கூடமெங்கும் பச்சையும் மஞ்சளுமாக ஒயர் சுருள்கள். அவற்றைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம்.

"கோச்சிக்காத தங்கச்சி" என்றார் சரசா அக்கா. "மொத தபா கட போடற. போணி ஆவாம ஊட்டுக்குப் போனா மனசு ஒடிஞ்சிடும். அதுக்கோசரம் என் நாத்தனாரை அனுப்பிச்சேன். அது நாலு வாங்கிகினு வந்துச்சு. ஒண்ணு போதும்னுதான் சொன்னேன். அது ஒரு லூசு."

கிருபாகரன் கயிறு முடிந்து சுவர் அலங்காரம் செய்கிறவன். என்னைப் போலவே ஐ.டி.காரன். "நான் என் டீம்ல மூணு பேரை அனுப்பினேன். ஆளுக்கு ஒண்ணு. ஆனா உங்க டேபிள் காலியாகறதைப் பார்த்து அசந்துட்டேன் திவ்யா. பரவாயில்லையே, ஜனங்களுக்கு நிஜமாவே பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சினு இருந்தேன்" என்றார் சரசா அக்கா. "நம்ம நாலு போனா இன்னா, மீதியெல்லாம் ஊரு சனம் வாங்கிச்சேன்னு."

ஆக்னஸ் அக்கா தலையை ஆட்டினார். அவரும் அப்படியே நம்பியிருந்தார். ஒருவர் அனுப்பிய ஆளைப் பார்த்து இன்னொருவர் மகிழ்ந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எல்லோரையும் அறையவேண்டும் போலவும் இருந்தது.

"போணி பண்ணது சரி. தலை தொங்குதுன்னு ஏன் யாரும் சொல்லல? வேலையை விட்டேன்னு சொன்னப்பகூட ஹார்ட்டுதானே போட்டீங்க?"

ஒரு ஒயர் சுருளைப் பிரித்துக்கொண்டே கிருபாகரன், "ரூல் நீங்க போட்டதுதானே" என்றான்.

ஒரு மென்பொருளைப் பற்றி ஒரு புகார்கூட வரவில்லை என்றால், அதை யாரும் திறக்கவே இல்லை என்று அர்த்தம். இதை நான் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லித் தருகிறேன்.

"இப்ப அந்த ரூல் இல்ல. சொல்லுங்க."

முதலில் தயங்கினார்கள். பிறகு நிறுத்த முடியவில்லை. கழுத்தில் பஞ்சு போதவில்லை, நான் கைக்கு அடைத்த அளவே கழுத்துக்கும் அடைத்திருப்பதாகச் சொன்னார் ஆக்னஸ் அக்கா. பாவாடையைக் கழற்ற முடியாது, குழந்தை முதலில் அதைத்தான் செய்யப் பார்க்கும் என்றான் கிருபாகரன். "அது மூஞ்சியப் பார்த்து என் தங்கச்சி புள்ள பயந்துச்சு. நைட்டுல அலமாரியில வெச்சுப் பூட்டிட்டோம்" என்றார் சரசா அக்கா. ஒவ்வொன்றும் சுருக்கென்று தைத்தது. ஆனால் எட்டு மாதமாக அவர்கள் அனுப்பிய இதயங்களில் ஒன்றுகூட என் பொம்மையை இப்படித் திருப்பிப் பார்த்ததில்லை. நடுவில் ஆக்னஸ் அக்கா தயங்கித் தயங்கி, "என் பையோட கைப்பிடி எப்படி இருக்கு?" என்று கேட்டார். தோளை அறுக்கிறது என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையைத் தோளில் மாட்டி, கூடத்தில் நாலு நடை நடந்து பார்த்தார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது மனதில் கூட்டிப் பார்த்தேன். மூன்று, நாலு, மூன்று. ஆகப் பத்து. மீதி இரண்டு? அவற்றை வாங்கிய ஆளை நன்றாக நினைவிருந்தது. கட்டம் போட்ட சட்டை, கையில் ஹெல்மெட். இவர்களில் யாரும் அவரை அனுப்பவில்லை. முன்பின் தெரியாத ஒருவர், தலை தொங்கும் பொம்மை இரண்டைத் தன் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். பத்துப் பொய்யை விட இரண்டு நிஜம் பெரிதில்லையா? கழுத்தைச் சரிசெய்தால் இரண்டு இருபதாகாதா? அம்பத்தூர் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். மேனேஜரிடம் போய் நிற்கப் போவதில்லை.

வீட்டில் ஸ்ரீராம் துணி மடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் கொட்டினேன். நாத்தனார் கதையில் அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"பத்து போகட்டும். அந்த ஹெல்மெட்காரர் வாங்கின ரெண்டு நிஜம். எனக்கு அது போதும். வேலை வேண்டாம்" என்றேன்.

அவர் கையில் இருந்த சட்டையை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, லாஃப்டில் இருந்த பயணப் பையை இறக்கி, ஜிப்பைத் திறந்தார். உள்ளே என் பொம்மைகள் இரண்டு, பரீட்சையில் தோற்ற பிள்ளைகளைப் போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தன.

"அது மனோகரன். எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவர். நீ அதுக்கு முன்னாடி அவரைப் பார்த்ததில்ல."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"மெயில் அனுப்பறப்ப பக்கத்துலதானே நின்னீங்க?"

"மத்த பத்தும் நிஜம்னு நினைச்சேன் திவ்யா. அது தானா வித்திருக்கு, இந்த ரெண்டைச் சொல்லி எதுக்கு உன் சந்தோஷத்தைக் கெடுக்கணும்னு இருந்துட்டேன். இப்ப நீ இந்த ரெண்டு மேல ஏறி நிக்கற. எப்படிச் சொல்லாம இருப்பேன்?"

அழுதேன். அவமானமாக இருந்தது. என்னை இத்தனை பேர் நேசிக்கிறார்கள் என்று அந்த நேரத்தில் யாராவது சொல்லியிருந்தால் அடித்தே இருப்பேன். நேசிக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் என் வேலைக்கு உலை வைத்தார்கள். விதியைப் போட்டு அதற்கு வசதி செய்துகொடுத்தவள் நான். ஸ்ரீராம் சமாதானம் சொல்லாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

முகம் கழுவிக்கொண்டு வந்தேன். "திங்கட்கிழமை போய்க் கேட்கறேன். பழைய டீமே கிடைக்குமா தெரியாது. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கறேன்" என்றேன். அவர் தலையசைத்தார்.

பொம்மைகளில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "பாருங்க. கழுத்தைத் தவிர என்ன குறை?"

"நல்லாத்தான்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். பால்கனிக் கதவருகே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முன்னால், பின்னால், பாவாடைக்குள் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டு மாதமாக நான் தைப்பதைத் தாண்டித் தாண்டி நடந்தவர், இப்போதுதான் ஒரு பொம்மையைக் கையில் பிடித்துப் பார்க்கிறார்.

"இடது கண்ணு கொஞ்சம் கீழே இருக்கு" என்றார் மெதுவாக.

அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். கீழேதான் இருந்தது.

"அப்புறம்?" என்றேன்.