ராசியான வீடு

வீட்டுக்காரர் ஆரஞ்சுப் பழங்களோடு மாடியேறி வந்ததைக் கண்டு தையல்காரி மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததே இல்லை. எதுவானாலும் கீழே கூப்பிட்டுத்தான் பேசுவார். இன்று அவராகவே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டுக்கொண்டார். கட்டிலில் கிடந்த அவள் கணவரிடம், சாப்பாடு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா என்று அன்பாகத்தான் விசாரித்தார். ஆனால் பேச்சு முழுக்க அவருடைய பார்வை போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்களின் மேலேயே இருந்தது. பாதங்கள் வீங்கியிருந்தன. அவர் பார்ப்பதைக் கவனித்த கணவர் மெல்லக் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

அவள் கணவர் நகரப் பேருந்தில் டிரைவராக இருந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். நுரையீரல் கெட்டுப்போய், இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவள் ஜன்னலோரக் கட்டிலை ஒட்டியே தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, பள்ளிச் சீருடை தைத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் எழுந்து, கண்ணாலேயே அவளை வெளியே கூப்பிட்டார். படிக்கட்டின் தலைப்பில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. மூச்சு இருக்கும்போதே எங்கயாவது மாத்திடு. இங்க ஒன்னு ஆயிடுச்சுன்னா அப்புறம் ஒருத்தனும் குடி வரமாட்டான்."

ஆஸ்பத்திரியிலேயே கைவிரித்துவிட்டார்களே என்றாள் அவள். அது எனக்கும் தெரியும், அதனால்தான் சொல்கிறேன் என்றார் அவர். கோபமே இல்லை அவர் பேச்சில். கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

குடி வந்த அன்று அவர் எத்தனையோ சொல்லியிருந்தார். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும், விருந்தாளிகள் வந்தால் ஓரிரு நாளில் கிளம்பிவிட வேண்டும். சாகக்கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. அதை அந்தத் தெருவில் எந்த வீட்டுக்காரரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொந்த வீடு உள்ளவர்கள் தங்கள் கட்டிலில் சாவார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வேறெங்காவது போய்ச் சாக வேண்டும். எல்லோருக்கும் இது தெரிந்தே இருந்தது.

அவள் அலைந்தாள். ஆஸ்பத்திரியில், பிழைக்கக்கூடியவர்களுக்கே கட்டில் போதவில்லை என்றார்கள். வீட்டுத் தரகர்கள், வீட்டில் நோயாளி உண்டா என்றுதான் முதலில் கேட்டார்கள். உண்டு என்றதும் அவர்கள் போனில் வேறு அழைப்பு வந்துவிட்டது. கொழுந்தன் வந்து அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன், என் வீட்டுக்காரரும் இதே ரகம்தான் என்றான். பொய் சொல்லவில்லை. அதன் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

கீழே வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அடிக்கடி பழுதானது. நோயாளி வீட்டில் கூட்டம் போடாதீர்கள் என்று மற்ற குடித்தனக்காரர்களிடம் சொல்லிவைத்தார். மாடியிலேயே எதிர் வீட்டில் குடியிருந்த எலக்ட்ரீஷியனுக்கு வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய நேரம். படியில் அவளைக் கண்டால் அவர் கையிலிருந்த வயரைச் சுருட்டுவதில் மும்முரமாகிவிடுவார். அவர் மனைவி மட்டும் கஞ்சிப் பாத்திரத்தை வாசலில் வைத்து, கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடிவிடுவாள்.

எல்லாம் டிரைவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஒருநாள் அவரே பேச்செடுத்தார். "இந்த வீட்டுக்கு ரெண்டு வீட்டுக்காரங்க. உனக்கு நான், ஊருக்கு அவரு. யாரு முதல்ல காலி பண்றோம்னு பாப்போம்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. நிற்காத இருமல். சத்தம் கீழே கேட்டுவிடுமே என்று அவள் தன்னையறியாமல் அவர் வாயைப் பொத்தினாள். பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. கையை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடு" என்றார் டிரைவர், மூச்சு வந்த பிறகு. "நான் போனப்புறம் உனக்குத் தலைசாய்க்க ஒரு எடம் வேணும்ல. அவரைப் பகைச்சுக்காத."

அவள் ஒத்துக்கொண்டாள். வேறு வழி தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொள்ளும் விடுதி ஒன்றை வீட்டுக்காரரே விசாரித்து, வண்டியும் வரவழைத்துவிட்டார். காலையில் இரண்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். அவள் ஒரு பையில் அவருடைய சட்டைகளையும் மருந்துகளையும் எடுத்துக்கொண்டு பின்னால் இறங்கினாள்.

படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. தலைப்பக்கத்தைத் தூக்கி நிமிர்த்தினார்கள். உடம்பு கீழே சரிந்தது. டிரைவர் பயந்துபோய்க் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார். விடச் சொன்னார்கள். அவருக்கு விட முடியவில்லை. ஒருவன் குனிந்து, அவர் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தான்.

"விடுங்க" என்றாள் தையல்காரி.

கணவரிடம் சொல்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"உங்களைத்தான் சொல்றேன். அவரு கையை விடுங்க. மேல கொண்டுபோங்க."

கீழே நின்ற வீட்டுக்காரர் நாலு படி ஏறி வந்தார். என்னம்மா இது, பேசி முடிச்ச விஷயமாயிற்றே என்றார்.

"இந்த வீட்டுல சாகக்கூடாதுன்னு குடி வரும்போதே சொல்லியிருக்கணும் சார்."

"அதெல்லாம் சொல்லாமலே தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்மா."

"எனக்குத் தெரியல" என்றாள் அவள். "அவரு இங்கதான் இருப்பாரு. என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க."

அவள் கைப்பிடியோரமாக நுழைந்து ஸ்ட்ரெச்சருக்குக் கீழே இறங்கி, வழியை மறித்து நின்றாள். அந்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வந்த வழியே அவரைத் தூக்கிப் போனார்கள்.

பிறகு டிரைவர் அதிக நாள் இருக்கவில்லை. ஒருநாள் காலையில் அவள் பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் வாய்விட்டு அழவில்லை. அழுகைச் சத்தம் கீழே போகும் என்ற பயம் அவ்வளவு ஊறியிருந்தது. மெஷின் முன்னால் உட்கார்ந்து, துணியே இல்லாமல் மிதித்தாள். மெஷின் கடகடவென்று ஓட, அந்தச் சத்தத்துக்குள் முகத்தைக் கவிழ்த்து அழுதாள்.

கஞ்சி கொண்டுவந்த எதிர் வீட்டுக்காரி கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்தாள். முதன்முறையாக அவள் தட்டிவிட்டு ஓடவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தையல்காரியைக் கட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதாள்.

வீட்டுக்காரர் உடனே மேலே வந்தார். இருட்டும் வரை வைத்திருந்து, பின்பக்கத்து இரும்புப் படி வழியாக இறக்கிவிடலாம், ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். தையல்காரி அவரைப் பார்க்கவே இல்லை. மத்தியான வெயிலில், முன்படி வழியாகத்தான் டிரைவரை இறக்கினார்கள். தகவல் தெரிந்து வந்த கொழுந்தன் ஒரு பக்கம் பிடித்தான். மறுபக்கம் எலக்ட்ரீஷியன். தெருக்கதவு ஒற்றைக் கதவாகத்தான் திறந்திருந்தது; தூக்கி வந்தவர்கள் வெளியே போக முடியாமல் நின்றார்கள். இவ்வளவு நாளும் ஒரு வார்த்தை பேசாதிருந்த வீட்டுக்காரரின் மனைவி வந்து, மறு கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"உங்கப்பா இதே வீட்டுலதானே போனாரு" என்றாள் புருஷனிடம். "அப்ப ரெண்டு கதவையும் தெறந்துதானே வச்சிருந்தோம்."

அவர் கதவை விட்டு ஒதுங்கி நின்றார். ஆனால் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார்.

சீருடை வாங்கும் கடைக்காரர் கடையின் பின்னறையைக் கொடுத்தார். துணி மூட்டைகளுக்கு நடுவே ஒருத்தி மட்டும் காலை மடக்கிப் படுக்கலாம். இனி அவளுக்கு அது போதும். மெஷினின் தலையைக் கழற்றி மார்போடு தூக்கிக்கொண்டு இறங்கினாள். அதன் இரும்புக் காலை எலக்ட்ரீஷியன் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

பாதிப் படியில் வீட்டுக்காரரின் குரல் எதிரே ஏறி வந்தது. ஒரு இளம் தம்பதிக்கு வீடு காட்டக் கூட்டிவந்துகொண்டிருந்தார்.

"ராசியான வீடு. இதுல இருந்தவங்க இப்ப சொந்த வீடு கட்டிக்கிட்டுப் போறாங்க."

திருப்பத்தில் அவளைக் கண்டதும் பேச்சு நின்றது. அந்தப் பெண் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டாள். முகமெல்லாம் ஆசை.

"அக்கா, நீங்கதானா அது? வீடு கட்டிட்டீங்களாமே?"

வீட்டுக்காரர் தையல்காரியைப் பார்த்தார். அவள் கொடுத்த முன்பணம் இன்னும் அவரிடம்தான் இருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனால் போதும்.

"இல்லம்மா" என்றாள் அவள். "என் புருஷன் உள்ள ஜன்னலோரக் கட்டில்ல செத்துப்போனாரு. அதுக்குத்தான் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மத்தபடி வீடு நல்ல வீடு. நல்லாக் காத்து வரும்."

பின்னாலிருந்து எலக்ட்ரீஷியன் தொண்டையைச் செருமினார்.

"ஆமாங்க. இந்தப் படி வழியாத்தான் எறக்கினோம். நானும் ஒரு கை பிடிச்சேன்."

தையல்காரி மெஷினைச் சற்று மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு, மீதிப் படிகளை இறங்கினாள்.