ஷமூனி காய்ச்சிய பீர்

பார்லி வாங்க வந்த வியாபாரி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டினான். நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தான். பிறகு முற்றத்திலேயே துப்பினான்.

"ஆட்டுக்குப் போடலாம்" என்றான்.

பெஹ்னாம் தலையை மட்டும் ஆட்டினார். அவர் எப்போதுமே அதிகம் பேசாத மனிதர். ஊர் திரும்பிய பிறகு இருந்த பேச்சும் குறைந்துவிட்டது. வாசலில் நின்ற அவர் மனைவி ஷமூனிக்குத்தான் சுருக்கென்றது. சண்டை வந்தபோது சொந்த ஊர் பக்தேதாவை விட்டு ஒரே ராத்திரியில் ஓடி, அன்காவா பட்டணத்தில் தகரக் கொட்டகையில் வருஷக்கணக்கில் கிடந்து, திரும்பி வந்து, எரிந்து கரியேறிய வீட்டைச் சுரண்டி வெள்ளையடித்து, வயலில் கண்ணிவெடி எதுவும் இல்லை என்று ஆட்கள் அங்குலம் அங்குலமாகத் தடவிச் சொன்ன பிறகு விதைத்து அறுத்த முதல் பார்லி அது. ஆடு தின்றால் தின்னட்டும். அவன் துப்பியிருக்க வேண்டாம்.

ஸ்வீடனில் இருக்கும் சித்தி மகள் நஹ்ரீனிடம் போனில் இதைச் சொல்லி ஆற்றிக்கொள்ளப் பார்த்தாள். நஹ்ரீன் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடியே, இங்க என் வீட்டுக்காரரு கடையில பார்லி வாங்கியாந்து, குளிக்கிற ரூமுல வச்சு பீர் காய்ச்சுறாரு. நீங்க வயலையே வச்சுக்கிட்டு, திருநாளு வந்தா அன்காவாவுக்கு ஓடி டப்பா பீர் தூக்கிட்டு வர்றீங்க. வெக்கமா இல்ல?"

"எங்களுக்கு எங்கடி தெரியும் அதெல்லாம்?"

"பீரு ஸ்வீடன்லயா பொறந்துச்சு? ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி நீ மிதிச்சிட்டு நிக்குற மண்ணுலதான்டி பொறந்துச்சு. தயிர் தோய்க்கத் தெரியும், ரொட்டி மாவு புளிக்க வைக்கத் தெரியும். மிச்சத்தை நான் சொல்லித் தரேன்."

அடுத்து ஊருக்கு வந்த உறவுக்காரர் ஒருவரின் பெட்டியில் கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, புளிக்கவைக்கும் ஈஸ்ட், ஒரு வெப்பமானி, பாட்டில் மூடிகள், மூடி அழுத்தும் கருவி எல்லாம் வந்து சேர்ந்தன. கூடவே குழந்தைக் கவுன் ஒன்றும் வந்தது. அது வேறு யாருக்கோ.

பெஹ்னாமின் தம்பி ஹாஸிமுக்கு அப்போதே மூக்கு வியர்த்துவிட்டது. திருநாளுக்கு பீர் வாங்கி வருவது அந்த வீட்டில் அவன் பொறுப்பு, அவன் பெருமை.

"என்ன அண்ணி, எங்கண்ணனுக்குத் தீவனம் காய்ச்சப் போறீங்களாமே?"

"முதல் செம்பு உனக்குத்தான்டா. குடிச்சிட்டு 'மே'ன்னு கத்து."

நல்ல மணியாகப் புடைத்தெடுத்து ஊறவைத்தாள். வீட்டுக்கு அடியிலிருந்த நிலவறையில் ஈரச் சாக்கு விரித்துப் பரப்பினாள். நினைத்தபோதெல்லாம் இறங்கிப் போய்க் கையால் கிளறிவிட்டாள். வெள்ளை வேர் எட்டிப் பார்த்த அன்று, அவள் நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்தது போலிருந்தது. ஆடு தின்னும் பார்லியா இது? உயிரோடு இருக்கிறதே!

மொட்டைமாடி வெயிலில் காயவைத்தாள். ரொட்டி சுட்டு முடித்துச் சூடு தணிந்த அடுப்பில் வைத்து வாட்டினாள். பிறகு அவித்த கோதுமையைப் புர்குல் ரவையாக உடைக்கும் ஆலைக்குக் கொண்டுபோனாள்.

ஆலைக்காரன் மூட்டைக்குள் கையை விட்டு முகர்ந்தான். "பார்லியில புர்குலா? யாரை அக்கா பட்டினி போடப் போறே?"

"மாவாக்கிடாத. உடைச்சா போதும். கேள்வியெல்லாம் அப்புறம்."

புர்குல் அவிக்கும் பெரிய செப்பு அண்டாவை முற்றத்தில் ஏற்றினாள். அதுவரை எதுவும் கேட்காத பெஹ்னாம் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"நெருப்பை நான் பாத்துக்கறேன். நீ தண்ணியப் பாரு."

கொதிக்கவிடாமல், சூடு ஏறாமல் இறங்காமல், உடைத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்தார்கள். அவள் வெப்பமானியைப் பார்த்து "கொறைங்க" என்றால் அவர் குறைத்தார். "கொஞ்சம்" என்றால் கூட்டினார். தயிர் வடிகட்டும் துணியில் வடித்தபோது தேன் நிறத்தில் இறங்கியது. விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார் பெஹ்னாம்.

"இனிக்குதே!" என்றார். நம் வயலிலா இது இருந்தது என்பது போல அவளைப் பார்த்தார்.

வடித்ததைக் கொதிக்கவிட்டு ஹாப்ஸ் பூவைப் போட்டதும், தெருவெல்லாம் சுட்ட ரொட்டியும் கசப்புப் புல்லும் கலந்த வாசனை. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே தலைகள் முளைத்தன. ஷமூனி அதை ஆறவைத்து, பெரிய டப்பாவில் ஊற்றி, ஈஸ்டைத் தூவி, நிலவறையில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினாள். சூடேறாதபடி சுற்றிலும் ஈரச் சாக்கைப் போர்த்தினாள். மூடியிலிருந்து ஒரு குழாய், தண்ணீர் பாட்டிலுக்குள் போனது. அங்கே குமிழி வந்தால் பீர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

குமிழி வரவில்லை.

மறுநாள் காலையில் ஹாஸிம் படியில் குனிந்து பார்த்தான். "என்ன அண்ணி, உங்க பீரு தவக்காலம் அனுசரிக்குதோ?"

ஷமூனி சாக்கை மறுபடி நனைத்துப் போர்த்தினாள். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதே! சாயங்காலம் பெஹ்னாம்தான் கீழேயிருந்து கூப்பிட்டார். ஓடினாள். அவர் படியில் உட்கார்ந்து காதைச் சாய்த்திருந்தார்.

"கேளு. மூச்சு விடுது."

பளக். சற்று இடைவெளி. பளக்.

இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிலுவைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குமிழி முழுக்க அடங்குவதற்குள் அவள் அவசரப்பட்டு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்துவிட்டாள். போதாக்குறைக்கு ஒரு பாட்டில் குறைந்தது. அரக்குச் சாராயம் வந்த மெல்லிய கண்ணாடி பாட்டில் ஒன்று கையில் கிடைத்தது. அதெல்லாம் உள்ளே ஏறும் அழுத்தத்தைத் தாங்காது என்று நஹ்ரீன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஊற்றியதைக் கொட்ட மனம் வராமல் அதிலும் அடைத்துத் திருகிவைத்தாள்.

திருநாளுக்கு முந்தின நாள், நடு மத்தியானம். தெருவே படுத்திருந்தது.

டமார்!

பெஹ்னாம் எழுந்தது தெரியவில்லை. ஷமூனியைத் தரையில் தள்ளி, மேஜைக்கு அடியில் உருட்டி, அவள்மேல் கவிழ்ந்துகொண்டார். அவர் இதயம் அவள் முதுகில் இடித்தது. வெளியே நாய்கள் குரைத்தன. யாரோ பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பாதிரியார் அபூனா இல்யாஸ் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். பின்னாலேயே ஹாஸிம், கையில் கடப்பாரையோடு.

"எங்க? எந்தப் பக்கம்?"

அப்போதுதான் அந்த வாசனை மேலே ஏறி வந்தது. ஷமூனி கணவனுக்கு அடியிலிருந்து மெல்லச் சொன்னாள்:

"ஐயோ... அரக்கு பாட்டிலு."

நிலவறைச் சுவரெல்லாம் நுரை. தரையெல்லாம் கண்ணாடித் தூள். மற்ற பாட்டில்கள் ஒன்றும் அறியாதவை போல வரிசையாக நின்றன. அபூனா முதலில் சிரித்தார். ஹாஸிம் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். வாசலில் கூடியிருந்தவர்களுக்குச் சேதி போக, சிரிப்பு தெருவோடு ஓடியது. அந்தத் தெருவில் அப்படியொரு சத்தத்துக்குப் பிறகு ஜனங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பெஹ்னாமும் சிரித்தார், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வடிந்தது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"இவ்வளவு பேரைப் பயமுறுத்திட்டு ஒரு வாய் குடுக்காம அனுப்புவியா மகளே?" என்றார் அபூனா.

பாட்டில்களைத் துணியில் சுற்றிக் குளிர்ந்த நீரில் வெகுநேரம் கிடத்திய பிறகு, ஷமூனி ஒன்றைத் திறந்தாள். புஸ்ஸென்று மூச்சு விட்டது. கோப்பையில் வெள்ளை நுரை எழுந்து நின்றது. அதன் கீழே அறுப்புக் காலத்து வயலின் நிறம். முதல் கோப்பையை ஹாஸிமிடம் நீட்டினாள். அவன் ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். கோப்பை காலியானது.

"என்னடா, 'மே' எங்க?"

மீசை நுரையைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, என் வேலை போச்சு."

திருநாள் அன்று வழக்கம்போல மொட்டைமாடிகளில் நெருப்பு மூட்டினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு அரைக் கோப்பைதான் கிடைத்தது. பேசாத பெஹ்னாம் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய் நின்றார். "நம்ம வயலு பார்லி. நம்ம வீட்டு அண்டா. அவதான் காய்ச்சினா, என் பொண்டாட்டி." கேட்டவரிடமும் சொன்னார், கேட்காதவரிடமும் சொன்னார். ஒருவரிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஷமூனி ஓரமாக நின்று தன் பங்கைக் குடித்தாள். கடைசியில் லேசாகப் புளிப்பு எட்டிப் பார்த்தது. கசப்பும் ஒரு சிட்டிகை அதிகம். அடுத்த தடவை பூவைக் குறைக்க வேண்டும். அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. நிமிர்ந்து நின்று, மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.