இடப்பக்கத்துப் பல்சக்கரம்

வலது மணிக்கட்டு விண் விண்ணென்று தெறித்தது. பேண்டேஜ் கம்பெனியில் வாரம் பூரா ஈரத் துணிச் சுருளைத் தூக்கிப் போட்டபோதுகூட செல்வலட்சுமிக்கு இப்படி வலித்ததில்லை. இது அரம் பிடித்த வலி. மூணு நாளாக, வேலை முடிந்து வந்ததும் குளிக்காமல் கொள்ளாமல் புதுச் சக்கரத்தின் அச்சை ராவிக்கொண்டிருந்தாள். அச்சு பதினாலு மில்லி கனம். அவள் வண்டியின் பின் ஃபோர்க்கில் அச்சு நுழைகிற காடி பத்து மில்லி. காடியை ராவினால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் அந்த பிஎம்எக்ஸ் சைக்கிள் அவளைவிடப் பன்னிரண்டு வயசு மூத்தது. ராஜபாளையத்தில் ஏதோ மில் முதலாளி வீட்டுப் பிள்ளை ஓட்டித் தள்ளி, காயலான் கடைக்கு வந்து, இவள் கையில் சேர்ந்தது. இத்தனை வருஷம் தாங்கிய சட்டத்தில் அரத்தை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அதனால் அச்சைப் பிடித்துக்கொண்டாள். தேய மாட்டேன் என்றது அச்சு. விட மாட்டேன் என்றாள் இவள்.

புரட்டாசி கடைசி ஞாயிறு. சக்கரம் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, பொம்பளையளுக்குத்தான் டிக்கெட் ஃப்ரீ. சக்கரத்துக்குக் கெடையாது," என்றார் கண்டக்டர்.

"மடியிலதான அண்ணே வச்சிருக்கேன். புள்ளைய மடியில வச்சா டிக்கெட் கேப்பீயளா?"

"ரெட்டைப் புள்ளையால்ல இருக்கு!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துவிட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துத்தான் கொடுத்தார்.

ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். மேற்கே மேகம் கருகருவென்று கட்டி நின்றது. இன்றைக்கு விட்டால் கிடையாது.

விஷயம் இதுதான். கிருஷ்ணன்கோவில் போகிற வழியில் ஒரு கண்மாய். கோடையில் அதைத் தூர்வாரிய பொக்லைன், கரம்பை மண்ணை இரண்டு குவியலாகப் போட்டுவிட்டுப் போனது. நடுவில் பதினோரு அடிப் பள்ளம். காலேஜ் பையன்கள் குவியலைச் செதுக்கி, சைக்கிளில் தாண்டப் பழகினார்கள். ஆனி மாசம் செல்வலட்சுமியும் தாண்டிப் பார்த்தாள். அக்கரை வரை போனாள். இறங்கிய வேகத்தில் பழைய இரும்பு ரிம் அப்பளமாக மடங்கிவிட்டது. அதை எவனோ வீடியோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பினான். கம்பெனியில் சூப்பர்வைசர்கூட அவளிடமே காட்டிச் சிரித்தார். அன்றைக்கு ஓவர்டைம் பார்க்க ஆரம்பித்தவள், போன வாரம்தான் பெங்களூரிலிருந்து இந்த அலுமினியச் சக்கரத்தை வரவழைத்தாள். மழை விழுந்து கண்மாய் பெருகினால் குவியல் கரைந்துபோகும். அடுத்த தடவை எவன் மண்ணை எப்படிப் போடுவானோ.

வண்டி சப்ரீன் கடையில் இருந்தது. சப்ரீன் சைக்கிள் கடைக்காரி. நாலு வருஷம் முன்னால் வரை இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் ஒரே ஷிஃப்டில் துணி சுமந்தவர்கள்.

முன்சக்கரம் பேசாமல் உட்கார்ந்தது. பின்சக்கரத்தின் அச்சு, வெண்ணெயில் கத்தி போனமாதிரி காடிக்குள் இறங்கியது. செல்வலட்சுமி கையைத் தட்டிக்கொண்டாள். சப்ரீன் தட்டவில்லை. செயினைக் கையில் பிடித்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"ஏட்டி, செயின எதுல மாட்ட?"

வண்டியில் மிதியோடு சேர்ந்த பெரிய பல்சக்கரம் வலப்பக்கம். புதுச் சக்கரத்தின் சின்னப் பல்சக்கரமோ இடப்பக்கம் இருந்தது.

"அதான் பெங்களூர்க்காரன் பாதி விலைக்குத் தள்ளிட்டான். நீ படத்த மட்டும் பாத்து வாங்கினியாக்கும்?"

"சரி, திருப்பிப் போடு."

"போடலாம். முன்னால மிதிச்சா சும்மா சுத்தும். பின்னால மிதிச்சா பின்னால போவும். ரிவர்ஸ்லயா தாண்டப் போற?"

"அப்ப மிதியோட பல்சக்கரத்த இடப்பக்கம் மாத்து."

"மிதியோட திருகு மரை எதிர்மரை ஆயிரும். பத்து மிதியில கழண்டு விழுந்துரும். பொறவு நீயும் விழுவ."

செல்வலட்சுமி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். சப்ரீன் சக்கரத்தைக் காதோரம் வைத்துச் சுற்றினாள். டிக் டிக் டிக் என்று ஓடியது.

"தொறந்து பாத்துருவோம்."

"செத்த நேரத்துல முடியுமா?"

"தொறக்காம சொல்லுததுக்கு நான் என்ன ஜோசியக்காரியா?"

நட்டைக் கழற்றி, அச்சை உருவி, பல்சக்கரத்தை வெளியே இழுத்தாள். அதைச் சுற்றி நாலு சின்ன இரும்பு நாக்கு, ஒவ்வொன்றின் அடியிலும் அரிசி அளவு ஸ்பிரிங். நாக்கு போய்க் கவ்வுகிற பற்கள் சக்கரத்துக்குள்ளே இருந்தன. சப்ரீன் போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏட்டி, இங்க பாரு! பல்லு ரெண்டு பக்கமும் ஒரே சரிவு. நாக்கை மட்டும் தலைமாத்தி வச்சா போதும், வலப்பக்கமும் ஓடும். செஞ்சவன் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்!"

ஒன்று திருப்பினாள். இரண்டு. மூணு. நாலாவதில் ஸ்பிரிங் டிங்கென்று துள்ளி எங்கோ போய் விழுந்தது.

"அசையாத!" என்றாள் சப்ரீன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டி வைத்திருந்தாள். அதைத் தரையோடு தரையாக இழுத்தாள். நாலு பால்ரஸ் குண்டு, ஒரு ஹேர்பின், துருப்பிடித்த வாஷர். இன்னொரு தடவை இழுத்தாள். ஆணி. செல்வலட்சுமி வாசலைப் பார்த்தாள். வெயில் போய்விட்டது. மூணாவது தடவை, காந்தத்தின் ஓரத்தில் மீசைமுடி மாதிரி அது ஒட்டிக்கொண்டு வந்தது.

சக்கரத்தைத் திருப்பி மாட்டி, செயினைப் போட்டு, மிதியைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கினாள். சக்கரம் வெடுக்கென்று கவ்விப் பறந்தது. இரண்டு பேரும் கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பிரேக் மட்டும் சேரவில்லை. புது ரிம் அகலம். பழைய பிரேக்கின் கை எட்டவில்லை.

"பிரேக் இல்லாம ஓட்டாத. நாளைக்குப் பெரிசு வாங்கி மாட்டித் தாரேன்."

"நாளைக்குக் குவியல் இருக்குமா? ஷூவ வச்சு டயரை அமுக்கிக்கிடுவேன். கழட்டிப் போடு."

லோடு ஆட்டோவில் கண்மாய்க்குப் போனபோது மூணரை மணி. ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அக்கரைக் குவியலுக்கு அந்தப் பக்கம் ஆபித் தன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனைப் பிடித்திருந்தான். கிருஷ்ணன்கோவிலில் கடைசி வருஷம் இஞ்சினியரிங் படிப்பவன். அடுத்து அவன் முறை.

"அக்கா, கெழட்டு வண்டிக்குப் புது ஷூ போட்டாப்புல இருக்கு!"

"ஷூவப் பாக்காத, தாண்டுதத ஒழுங்கா எடு!"

பிரேக் இல்லை, தள்ளி நில் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் ஓடவிட மாட்டார்கள். விழுங்கிவிட்டாள்.

சப்ரீன் தன் ஸ்கூட்டி ஹெல்மெட்டை அவள் தலையில் மாட்டி, வார் இறுக்கி, முதுகில் ஒரு அறை விட்டாள்.

மிதித்தாள். மண் அதிர்ந்தது. முதல் குவியல் ஏறியது, ஏறியது, சட்டென்று அடியில் ஒன்றுமில்லை. டிக் டிக் டிக் என்ற சத்தம் மட்டும் காற்றில். பள்ளம் காலுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது. பின்சக்கரம் அக்கரைச் சரிவில் இறங்கி நச்சென்று ஒரு வார்த்தை சொன்னது. மடங்கவில்லை. நெளியவில்லை.

"தாண்டிட்டேன்!" என்று கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் ஆபித் நேர் எதிரே இருந்தான். ஷூவை டயரில் அமுக்கினாள். ரப்பர் நாறியது, வேகம் குறையவில்லை. ஆபித் ஒரே தாவாகத் தாவினான். அவன் சைக்கிள் தாவுமா?

எழுந்து மண்ணைத் தட்டியபோது முழங்கை எரிந்தது. சப்ரீன் "யா அல்லா!" என்று ஓடிவந்தாள். இவள் சக்கரம் நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆபித்துடைய முன்சக்கரம் எட்டு மாதிரி முறுக்கிக் கிடந்தது.

"தாண்டிட்டீங்கக்கா," என்றான் ஆபித். பிறகு தன் சக்கரத்தைப் பார்த்தான். "பிரேக்கு?"

"கெடையாது. சொன்னா விட மாட்டீயன்னு சொல்லல."

அவள் குனிந்து தன் முன்சக்கரத்தின் நட்டைக் கழற்ற ஆரம்பித்தாள், இதை மாட்டி நீயும் தாண்டு என்று. ஒரு நட்டு கழல்வதற்குள் மலைப்பக்கமிருந்து மழை சோவென்று இறங்கியது. குவியலின் உச்சி குழைந்து வழிந்தது. எல்லாரும் கரைமேல் ஓடினார்கள்.

நனைந்துகொண்டே சிரித்தாள். மணிக்கட்டு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் ஆபித் முறுக்கிய சக்கரத்தைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான்.

செல்வலட்சுமி ஆபித்துக்கு ஒரு முன்சக்கரம் தரவேண்டும். இன்னும் தரவில்லை.